ஹெர்குலிஸுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிள் கும்பகோணத்திலிருந்து ரயில் பார்சலில் தில்லி கரோல் பாக் வந்து சேர்ந்ததையும், டபிள்யூ.இ.ஏ. பகுதியில் உங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் அது இப்போது சாத்தி வைக்கப்பட்டிருப்பதையும் எழுதியிருந்தீர்கள். என்ன நிறம் அடிக்கலாம், எங்கே கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். மகன் மினுமினுக்கும் சிவப்பு வேண்டும் என்கிறான், நீங்கள் கறுப்பே இருக்கட்டும் என்கிறீர்கள். இதே கேள்வியோடு வேறு ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வருவதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

நிறத்தைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். அதற்கு முன் இரும்பைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. ஒரு ஃப்ரேம் இன்னும் ஒரு தலைமுறை ஓடுவதும், இரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாகப் பெயர்ந்து விழுவதும் பெயிண்டுக்கு அடியில் நடந்த வேலையைப் பொறுத்தது. நீங்கள் செலவழிக்கப்போகும் பணத்தில் பாதிக்கு மேல் யார் கண்ணுக்கும் தெரியாத வேலைக்குப் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கரோல் பாகில் இதைக் கேட்டு வாங்குவது கொஞ்சம் கஷ்டம். அங்கே கை நேர்த்திக்குக் குறைவில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் கேட்பது பளபளப்பை, அதனால் கடைக்காரர்களும் பளபளப்பைத்தான் விற்கிறார்கள்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949-ல், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து. ஹெர்குலிஸ் என்ற பெயர் பர்மிங்ஹாமிலிருந்து வந்தது. 1955-ல் பக்கத்து ஆவடியில் ட்யூப் ப்ராடக்ட்ஸ் ஆலை வந்தது. அப்பா வாங்கியது எழுபதுகளில் என்றால் அநேகமாக ஆவடிக் குழாயில் அம்பத்தூரில் செய்த வண்டி. அது சாதாரண எஃகு, கனமான குழாய். 1935-ல் இங்கிலாந்தில் ரெனால்ட்ஸ் கொண்டுவந்த 531 போன்ற மெல்லிய உயர்ரகக் குழாய்களைப் பந்தயக்காரர்கள் கொண்டாடுவார்கள். அவற்றின் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் கொஞ்சம் துரு பிடித்தாலும் ஆபத்து, முரட்டுத்தனமாகச் சுரண்டினாலும் ஆபத்து. உங்கள் ஹெர்குலிஸின் கனம் மாடி ஏற்றும்போது முதுகை ஒடிக்கும். ஐம்பது வருஷத் துருவைத் தாங்கி நிற்பதும் அதே கனம்தான்.

அந்தக் கறுப்பும் சாமானியமானதல்ல. பெரிய ஆலைகளில் பெயிண்டுக்கு முன் ஃப்ரேமை ஃபாஸ்பேட் கரைசலில் முக்கி எடுப்பார்கள். இரும்பின் மேல்தோலே மாறி, பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும், துருவையும் தடுக்கும். பாண்டரைஸ் செய்தது என்று ராலே கம்பெனி விளம்பரத்திலேயே பெருமையாகப் போட்டுக்கொள்ளும். அதன் மேல் எனாமல் பூசி அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். தெருவோரப் பட்டறை எதிலும் அந்த அடித்தளத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது. ஆகவே உங்களிடம் என் முதல் கேள்வி: இருப்பதைச் சுரண்டித்தான் ஆகவேண்டுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஃப்ரேம் முழுவதையும் துடையுங்கள். பழைய கிரீஸும் தில்லிப் புழுதியும் போனபின், சீட்டுக்குக் கீழே மறைவான ஓரிடத்தில் கார் பாலிஷ் கொஞ்சம் தடவித் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு எழும்பி வந்தால், பாதித் தீர்ப்பு கிடைத்துவிட்டது. துரு புள்ளி புள்ளியாக இருந்தால் அந்த இடங்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கலாம். ஆக்ஸாலிக் அமிலத்தை நீரில் நன்றாக நீர்க்கக் கரைத்து, துணியில் நனைத்துத் துருவின் மேல் சில மணி நேரம் போர்த்திவைத்தால் துரு கரைந்துவரும், நல்ல எனாமலை அது அவ்வளவாகத் தொடாது. ஓரமாகச் சோதித்துவிட்டே செய்யுங்கள். அது விஷம், கையுறை வேண்டும், வெட்டவெளியில் செய்யவேண்டும், மகன் பக்கத்தில் இல்லாதபோது செய்யவேண்டும். பிறகு சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, அப்போதே உலர்த்திவிடுங்கள்.

பாரில் துண்டைச் சுற்றி உங்களை உட்காரவைத்து அப்பா பள்ளிக்கு ஓட்டிப்போன இடத்தில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மூடத்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. துருவை எடுத்து, தின்னரால் துடைத்து, நிறமில்லாத கிளியர் கோட்டை இரண்டு முறை பூசினால் தேய்மானம் தெரியும்படியே நிற்கும். வெறும் இரும்பின் மேல் கிளியர் கோட் ரொம்ப நாள் தாங்காது. வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துத் திரும்பப் பூசவேண்டியிருக்கும். அந்தச் சிரமம் சம்மதமென்றால் செய்யுங்கள். நானாக இருந்தால் செய்வேன்.

துடைத்த கையோடு இன்னொரு சோதனை. ஃப்ரேமைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் பக்கம் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். சிவப்புத் தூள் கொஞ்சம் கொட்டுவது சகஜம். செதில் செதிலாகக் கொட்டினால் உள்ளே துரு ஆழமாகத் தின்றிருக்கிறது. டார்ச் அடித்து சீட் குழாயின் உள்ளே பாருங்கள். குழாய்களை இணைக்கும் லக்குகளில் ஹேண்டில் பக்கத்தில் இருப்பவற்றின் விளிம்பிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் தண்டு கிரௌனோடு சேரும் இடத்திலும் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். பிறகு ஒரு நூலை எடுத்து, பின்சக்கரம் மாட்டும் ஒரு முனையில் தொடங்கி, முன்பக்க ஹெட் குழாயைச் சுற்றிக்கொண்டு மறுமுனை வரை இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் ஃப்ரேம் கோணியிருக்கிறது. நிமிர்த்துவதும் பற்றவைப்பதும் பெயிண்டுக்கு முன்பே முடியவேண்டும். ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். 108 அடி ஹனுமான் சிலையைத் தாண்டிப் போய்விடலாம். நிமிர்த்தும் வேலை தெரிந்தவர் யார் என்று அங்கே உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள்.

சோதனையில் பெயிண்ட் தேறவில்லை, முழுதும் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-மைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுக்கே, தொழிற்சாலைப் பெயிண்ட் அதில் சேரவில்லை. எனவே காய்ந்த உப்புத்தாளால் மாடிப்படியில் உட்கார்ந்து தேய்க்கவே கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளை வாங்கி (அங்கே ரேக்மால் என்று கேட்கவேண்டும்), ஈரத்திலேயே தேய்த்து, வழியும் சேற்றைப் பழைய செய்தித்தாளில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்கு இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

அடுத்தது மணல் வீச்சு, அதாவது பிளாஸ்டிங். வேலை சீக்கிரம் முடியும், லக்குகளின் இடுக்கெல்லாம் சுத்தமாகும். ஆனால் ஆற்றுமணலை வைத்து அடிக்கும் பட்டறைக்கு உங்கள் ஃப்ரேமைக் கொடுக்காதீர்கள். அந்தத் தூசி அடிக்கிறவரின் நுரையீரலில் சிலிகோசிஸை உண்டாக்குகிறது. வந்தால் குணமாகாத நோய். பிரிட்டன் 1949-லேயே விதி போட்டு வார்ப்படத் தொழிலில் அந்த மணலை நிறுத்தியது. கண்ணாடி மணி, அலுமினியம் ஆக்ஸைடு, கார்னெட் இவற்றில் ஒன்றை மூடிய அறையில் வைத்து அடிக்கும் இடமாகத் தேடுங்கள். கார்னெட் நம் தென்கடற்கரை மணலில் கிடைப்பது.

பிளாஸ்டிங் முடிந்த இரும்பு நிர்வாணமாக நிற்கிறது. தொட்டால் கைரேகையில் உள்ள உப்பு ஒட்டி, அந்த ரேகையிலேயே துரு பூக்கும். மழைக்காலத்தில் சில மணி நேரத்திலேயே செம்மை படர்ந்துவிடும். ஆகவே பிளாஸ்டிங்கும் பிரைமரும் ஒரே நாளில் நடந்தாகவேண்டும். இரண்டுக்கும் இரண்டு பட்டறை என்றால் ஃப்ரேமை நீங்களே எடுத்துக்கொண்டு ஓடுங்கள், அல்லது ஆளை அனுப்புங்கள். அடுத்த வாரம் பிரைமர் அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பிரைமரிலும் எப்பாக்ஸி வகையைக் கேளுங்கள். ஜன்னல் கம்பிக்குப் பூசும் ரெட் ஆக்ஸைடு மலிவு, ஆனால் மேலே வரும், ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டின் தின்னர் அதைச் சுருங்கவைத்துவிடும்.

இனி எங்கே கொடுப்பது என்ற கேள்வி. ஹர்தியான் சிங் ரோடும் நாயிவாலா சந்துகளும் மோட்டார் சைக்கிள்காரர்களின் உலகம் என்பது உங்களுக்கே தெரியும். லடாக் போகிற புல்லட்டுகள் கம்பியும் பெட்டியும் மாட்டிக்கொண்டு புறப்படுவது அங்கிருந்துதான். புல்லட் டாங்குக்குப் பெயிண்ட் அடிப்பதில் தேர்ந்த மிஸ்திரிகளை அந்த வட்டாரத்தில் பிடிக்கலாம். நல்ல கைகள், ஆனால் டாங்க் பழகிய கைகள். டாங்க் அகலமானது, வழவழப்பாக இருக்கவேண்டியது. சிறு நெளிவையும் பட்டி போட்டு மெழுகித் தேய்த்துச் சமமாக்குவதுதான் அங்கே திறமை. அதையே சைக்கிளுக்குச் செய்தால் லக்குகளின் விளிம்பு மழுங்கிவிடும். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் கூர்மையாகத் தெரியும் அந்த விளிம்புதான் பழைய ஃப்ரேமின் முகம். பட்டி மூடினால் அது இன்னொரு மலிவு வண்டி. லக்கில் பட்டியே போடக்கூடாது, குழாயில் பள்ளம் இருந்தால் மட்டும் தொட்டுக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முடிந்தால் எழுதிக் கொடுங்கள்.

அவர்களுக்குப் பழக்கமில்லாத இன்னொன்று, மறைத்துக் கட்டுவது. பாட்டம் பிராக்கெட்டின் உள்மரை, ஹெட் குழாயில் கப் உட்காரும் வாய், சீட் கம்பி நுழையும் துளை, சக்கர அச்சு இறுகும் தட்டையான முகங்கள், போர்க்கின் மேல்மரை ஆகிய எதிலும் பெயிண்ட் படியக்கூடாது. உள்மரையில் படிந்தால் கப்பைத் திருகும்போது மரையே சிதையும், அதிலும் செயின் பக்கத்து மரை இடப்பக்கச் சுற்று. இவற்றை நீங்களே வீட்டில் டேப் சுற்றி, காகிதம் திணித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. ஃப்ரேமில் குத்தியிருக்கும் நம்பரைக் கரித்தாளால் நகல் எடுத்து வையுங்கள். தடித்த பூச்சு விழுந்தால் அது நிரம்பி மறைந்துவிடும், பிறகு வண்டியின் வயதைத் தேட வழியிருக்காது.

பவுடர் கோட்டிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மின்னேற்றிய பொடியை ஃப்ரேமில் ஒட்டவைத்து 180 முதல் 200 டிகிரி வரை சூட்டில் உருக்குவது அது. லக்கில் இருக்கும் பித்தளைப் பற்று உருக அதைப்போல நாலு மடங்குச் சூடு வேண்டும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. மலிவு, சீக்கிரம் முடியும், தினசரி அடிபடுவதைத் தாங்கும். தடிமன் அதிகமாதலால் விளிம்புகளைக் கொஞ்சம் மழுக்கும். ஒரு இடத்தில் உடைந்தால் துரு அடியிலேயே ஊர்ந்துபோய் மேலே தோல்போல மூடிக்கிடக்கும், தெரியும்போது தாமதமாகியிருக்கும். சந்தைக்கும் மெட்ரோவுக்கும் தினமும் ஓடும் வண்டிக்கு நான் பவுடரையே சொல்வேன். அப்பா வண்டிக்குச் சொல்லமாட்டேன்.

மகன் கேட்கும் சிவப்பை அங்கே கேண்டி என்பார்கள். வெள்ளி நிறத்தை முதலில் அடித்து, அதன் மேல் நிறமேறிய ஒளிபுகும் பூச்சைப் பல மென்கோட்டுகளாக அடிப்பது. நாற்பது, ஐம்பதுகளின் இங்கிலாந்து சைக்கிள்களில் இதற்கு ஃப்ளாம்பாயண்ட் என்று பெயர். புல்லட்டுக்கு வருவதற்கு முன்பே சைக்கிளில் அழகு காட்டிய வித்தை. டாங்கைவிட உருண்டைக் குழாயில் இது கடினம். ஒரு கோட் எங்கே கூடுதலாக விழுந்தாலும் அங்கே சிவப்பு கருத்துவிடும், லக்கின் இடுக்குகளில் இது நிச்சயம் நடக்கும். தில்லி வெயிலில் கேண்டிச் சிவப்பு சீக்கிரம் வெளுக்கவும் செய்யும். ஆகவே என் யோசனை இது: ஃப்ரேமும் போர்க்கும் கறுப்பாகவே இருக்கட்டும். மட்காட் இரண்டும் செயின் கவரும் துருப்பிடித்து எப்படியும் புதிதாக அடிக்கவேண்டியவை என்று எழுதியிருக்கிறீர்கள். அகலமான தகடுகள், டாங்க் மிஸ்திரியின் கைக்குப் பொருந்துபவை. அவற்றை மகனுக்குக் கேண்டிச் சிவப்பில் அடித்துக் கொடுங்கள்.

நிறம் எதுவானாலும் அடிப்பவரின் மூச்சைப் பற்றியும் யோசிக்கவேண்டும். டூ-கே பெயிண்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆவியாகி மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு சந்தில் நின்று அடிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. இதற்குச் சரியான காப்பு வெளியிலிருந்து நல்ல காற்றுக் குழாய் வழியே வரும் முகமூடி. அது இல்லாத பட்டறையில், குறைந்தபட்சம் ஆவியை உறிஞ்சும் கரிவடிகட்டி பொருத்திய முகமூடியாவது இருக்கவேண்டும். விலை பேசும்போதே அதற்கான பணத்தைச் சேர்த்துப் பேசுங்கள். வாங்கிக் கொடுத்துவிட்டும் வரலாம். மாட்டிக்கொண்டு அடிப்பவரிடம்தான் என் வண்டி என்று நாலு பேர் சொல்லத் தொடங்கினால் சந்தில் பழக்கம் மாறும் என்று நம்புகிறேன்.

இப்போது ஜனவரி, கொஞ்சம் பொறுங்கள். பனிமூட்டத்தில் பெயிண்ட் இறுகாது, ஈரம் படியும். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும்வரை தில்லியில் இதற்கு அருமையான நாட்கள். மே, ஜூனில் லூக் காற்றின் புழுதி ஈரப் பெயிண்டில் வந்து உட்காரும். ஆடி, ஆவணி மழையில் பழைய டூக்கோ வகை லாக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பால்போல வெளுத்துவிடும். அப்போதும் அவசரப்பட்டு யாராவது அடித்துத்தருகிறேன் என்பார்கள். கிளியர் கோட் அடித்தபின் தொட்டால் ஒட்டாமல் இருப்பது அடுத்த நாளே நடக்கும், முழுதாக இறுக ஒரு வாரமாவது வேண்டும். அதற்கு முன் பிரேக் கிளாம்ப் இறுக்கினால் பெயிண்ட் பிதுங்கும்.

பொன்னிறக் கோடுகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வண்டியின் மட்காட்டிலும் சீட் குழாயிலும் மெல்லிய கோடுகள் இருந்ததாக நினைவு என்கிறீர்கள். ஸ்டிக்கர் வெட்டித்தரும் கடைகள் காலடிக்குக் காலடி இருக்கின்றன. ஆனாலும் கையால் போட்ட கோட்டைத் தேடுங்கள். குதிரை வண்டிக்குக் கோடு போட்டவர்கள் சைக்கிளுக்கு வந்தார்கள், அங்கிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் போனார்கள். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ராயல் என்ஃபீல்டே சைக்கிள் செய்த கம்பெனிதான், 1901-ல்தான் முதல் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. 1955-ல் அது சென்னைக்கு வந்தபோது கோடும் கூடவே வந்தது. புல்லட் டாங்கில் தங்கக் கோடு இழுக்கும் ஜெயகுமார், கிஷோர் குமார் சகோதரர்களை உலகம் அறியும். மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ் என்றே அந்தக் கோடுகளுக்குப் பெயர். நீண்ட மயிர்த் தூரிகை, ஸ்டென்சில் கிடையாது, கை நடுங்காமல் ஒரே இழுப்பு. கரோல் பாகில் நிற்கும் எத்தனையோ புல்லட்டுகளின் மேல் சென்னைக் கையின் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் மிஸ்திரியிடம் ஒரு பழைய புல்லட் டாங்கைக் காட்டி, இப்படி இழுப்பவர் யார் என்று கேளுங்கள். அந்தச் சந்துகளில் யாருக்காவது தெரிந்திருக்கும். கோடு இழுத்துக் காய்ந்தபின் கிளியர் கோட்.

முன்புறப் பெயர்த்தகட்டைப் பெயிண்டுக்கு முன்பே ரிவெட் எடுத்துக் கழற்றிவிடுங்கள். மெருகுபோட சைக்கிள் கடைக்குக் கொடுக்கவேண்டாம், இயந்திர பஃபில் எழுத்து தேய்ந்துபோகும். பக்கத்திலேயே பீடன்புராவில் வங்காளத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் நகைத் தொழிலாளர்களின் பட்டறைகள் இருக்கின்றன. நுண்ணிய புடைப்பெழுத்தைக் காயப்படுத்தாமல் துடைக்க அந்தக் கைகளுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, எல்லோரும் விட்டுவிடும் வேலை ஃப்ரேமின் உட்புறம். வெளியே எத்தனை கோட் அடித்தாலும் மழைநீர் சீட் கம்பி வழியே உள்ளே இறங்கி பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும். பாகங்களைப் பூட்டுவதற்கு முன் ஆளிவிதை எண்ணெயைக் குழாய்களுக்குள் ஊற்றி, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிச் சாய்த்து, மிச்சத்தை வடித்து நன்றாகக் காயவிடுங்கள். அது உலர்ந்து தோலாகி இரும்பை மூடிக்கொள்ளும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து எறியுங்கள்.

பூட்டும்போது பால்ரஸ் குண்டுகளையும் பெடல் காட்டர் பின் இரண்டையும் புதிதாகப் போடுங்கள், பழையதைச் சுத்தியலால் அடித்து நுழைக்கும்போதுதான் புதுப் பெயிண்டில் முதல் அடி விழும். ஃப்ரேமைத் துடைத்துப் பார்த்ததும் துரு எந்த அளவு என்று எழுதுங்கள், முடிந்தால் குத்திய நம்பரையும் சேர்த்து அனுப்புங்கள். பழைய பெயிண்டைக் காப்பாற்றலாமா, எடுக்கத்தான் வேண்டுமா என்று பிப்ரவரிக்குள் சேர்ந்து முடிவெடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்